வராத வண்டி எங்கே போகிறது

"உன் ஷெட்டுக்கு எந்த மார்க் வண்டி ரிப்பேருக்கு ரொம்பக் குறைச்சலா வருது?" என்று அவள் கேட்டாள்.

மெக்கானிக் பானட்டுக்குள் இருந்து தலையை எடுக்கவில்லை. "காலங்காத்தால கேக்குற கேள்வியா அக்கா இது? எது நிறைய வருதுன்னு கேட்டா சந்தோஷமா சொல்லுவேன். அதுலதானே என் பொழப்பு ஓடுது."

"அத நீயே வச்சுக்க. குறைச்சலா வர்றது எது?"

"அம்பு மார்க். அம்பு வண்டியத் தொட்டு மாசக்கணக்காச்சு."

"கொம்பு மார்க்?"

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க." இப்போதுதான் நிமிர்ந்தான். "வாரம் தவறாம வந்து என் மூஞ்சியில முழிக்கும். இன்னிக்கு ஹோஸு, நாளைக்கு பெல்ட்டு, அடுத்த வாரம் செல்ஃபு. கூடப் பொறந்தது கூட அப்படி வந்து நிக்காது. அதோ மூலையில நிக்குதே, அது விக்கறதுக்குத்தான் நிக்குது. நல்ல வார்த்தை சொல்லி விக்க எனக்கே வாய் வரல."

மூலையில் நின்ற பிக்கப்பை அவள் பார்த்தாள். முன்பக்கம் ஒரு நிறம், கதவு வேறு நிறம். அதற்கு மேல் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டியபடியே கிளம்பினாள்.

ஷெட்டுக்குள் எப்போது வந்தாலும் அவள் கை பின்னால்தான் இருக்கும். எதையும் தொட மாட்டாள். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டாள். ஆக்சிஜன் வால்வில் துளி எண்ணெய் பட்டாலும் தீப்பிடிக்கும்; கிரீஸ் கையோடு சிலிண்டரைத் திறந்தவர்கள் முகத்தை இழந்திருக்கிறார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக இருந்து மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய் மாட்டிவிட்டு, காலியானதைத் திருப்பி எடுத்துவருவது அவள் வேலை. பேரே சிலிண்டரக்கா என்று ஆகிவிட்டது. ஆள் உயரச் சிலிண்டரைக் கொஞ்சம் சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்து மறு கையால் சுழற்றிக்கொண்டே நடப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் போல இருக்கும். இடுப்பைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

வண்டியை அவளே ஓட்டுவாள், அவளே இறக்குவாள். ஆனால் வண்டி நின்றுபோனால் அவளால் பானட்டைத் திறந்து கையை விட முடியாது. அந்த விதத்தில் அவளுக்கு வண்டி என்பது மற்ற ஓட்டுநர்களுக்கு இருப்பது போல இல்லை.

வெள்ளிக்கிழமை அப்படித்தான் நின்றது. அவளுடைய பழைய படகு மார்க், பால ஏற்றத்தில் கியர்பாக்ஸ் நொறுங்கிப் படுத்துவிட்டது. அந்தக் கம்பெனியே மூடியாகிவிட்டது. இனி அதற்குப் பாகம் என்று எதுவும் கிடையாது. பின்னால் ஐந்தாறு வீட்டுக்குப் போக வேண்டிய சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டி நின்றன. ஆட்டோக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "வெடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் காய்கறித் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தக்காளிக் கூடையை இறக்கி வைத்து இடம் கொடுத்தார்.

இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆம்புலன்ஸின் டயர் தடம் மட்டும் இருந்தது. அந்த வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா. ஆஸ்பத்திரியில் இருந்து அவர் திரும்பவில்லை. சாயங்காலம் அவள் மறுபடி போனபோது மருமகன் கேட்டருகே வந்து காலி சிலிண்டரை வெளியே வைத்தார். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் விடிந்ததும் கேஸ் ஆலையின் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, திங்கக்கிழமை வரைக்கும் நம்ம லாரிய வச்சுச் சமாளிக்கிறேன். திங்கக்கிழமை காலைல நீ வண்டியோட வரணும். இல்லைன்னா உன் லைன வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

"சார், பத்து நாள் டயம் குடுங்க."

"கோவத்துல சொல்லலம்மா. இன்னொரு வெள்ளிக்கிழமைய என்னால தாங்க முடியாது. உன்னாலயும் முடியாது."

 வீடு வீடாக இறக்கும் அந்த லைன் போனால் சம்பளம் மட்டும் போகாது. லைன் ஓட்டுகிறவளின் வீட்டுக்கு என்று ஆலை ஒரு சிலிண்டர் கொடுக்கிறது. அந்தச் சிலிண்டரில்தான் அவள் புருஷன் மூச்சு விடுகிறார். கையில் இருப்பதை எல்லாம் துடைத்தெடுத்தால் ஒரே ஒரு பழைய வண்டி வாங்கலாம். தப்பான வண்டியாகப் போனால் இன்னொன்று கிடையாது.

அதனால்தான் ஷெட்டில் அந்தக் கேள்வி. அதோடும் விடவில்லை. லோடு வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொரு ஓட்டுநராகக் கேட்டாள். சொந்த வண்டியைக் குறை சொல்கிற மனிதன் அங்கே ஒருவன் கூட இல்லை. அவரவர் வண்டி அவரவருக்குத் தங்கம். படகு வைத்திருந்த ஒரு கிழவர், இவளுடைய படகு செத்ததற்கு இவள் ஓட்டிய விதம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார்.

"உங்களது ஓடுதா பெரியவரே?"

"ஓடாம? தள்ளிவிட்டா கிளம்பிடும்."

"யாரு தள்றது?"

"அதுக்குத்தானே ஸ்டாண்டுல இத்தன பேரு நிக்கிறானுங்க."

அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கிருந்து புரோக்கரிடம் போனாள். அம்பு மார்க் ஒன்று கழுவித் துடைத்து நின்றது. ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கியர் விழுந்தது. ஏற்றத்தில் முனகவில்லை. பின்தட்டு மட்டும் கொஞ்சம் உயரம், இறக்கும்போது தோளைக் கேட்கும். தோள்தானே, அது கிடக்கட்டும் என்று நினைத்தாள்.

"நாளைக்கு இன்னொருத்தர் வர்றார்" என்றார் புரோக்கர்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க. நான் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். 

வீட்டில் பகலெல்லாம் புருஷனைப் பார்த்துக்கொள்வது நாத்தனார். வாசலிலேயே மடக்கினாள்.

"என்ன அண்ணி, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்க கூட இந்த அலைச்சல் அலைய மாட்டாங்க. ஏதாவது படிஞ்சுதா?"

"படிஞ்ச மாதிரிதான். உங்க அண்ணன் சாப்பிட்டாரா?"

"ரெண்டு வாய். மூணாவது வாய்க்கு என்னை முறைக்கிறாரு. உங்ககிட்ட காட்ட முடியாதத எல்லாம் என்கிட்டதான் காட்டுவாரு."

அவர் சுவரோரக் கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. கல் அரைக்கும் ஆலையில் லாரி ஓட்டிய காலத்தில் விழுங்கிய தூசி எல்லாம் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. அவள் முதலில் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள், பிறகு சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் முகத்தை. பல வருஷப் பழக்கம்.

ஷெட்டில் கேட்டது, ஸ்டாண்டில் கேட்டது, அம்பு வண்டி ஓடிய அழகு எல்லாவற்றையும் சொன்னாள். "மெக்கானிக்கே சொல்லிட்டான். அம்பு அவன்கிட்ட வர்றதே இல்லையாம்."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்தார்.

"வராதது... எங்க போகுது?"

"எங்க போகும்? ஓடிக்கிட்டு இருக்கு. அதான் வரல."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்பது போலவும் இருந்தது, தெரியவில்லை என்பது போலவும் இருந்தது. "போய்ப் பாரு" என்றார். அதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளெல்லாம் செருப்புத் தேய அலைந்து ஒரு முடிவுக்கு வந்தால், கட்டிலில் உட்கார்ந்து ஒரே கேள்வியில் கலைக்கிறார். தட்டைத் தேய்க்கும்போது வாய்க்குள்ளேயே திட்டினாள். தேய்த்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

அவள் லைனில் முன்பு ஒரு வீடு இருந்தது. தனியாக இருந்த ஒரு தையல்காரர். மற்ற வீடுகளில் இருந்து போன் மேல் போன் வரும், முள் இறங்குது, குழாய் கசியுது, தண்ணி பாட்டில்ல குமிழ் வரல என்று. அவர் வீட்டில் இருந்து மட்டும் சத்தமே வராது. தொந்தரவு இல்லாத வீடு, நல்லா இருக்கார் என்று அவளும் நிம்மதியாக இருந்தாள். முறை வந்து போய்ப் பார்த்தபோது போன் அவர் கைக்கு எட்டாத மேஜையில் கிடந்தது. அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார், உயிர் இருந்தது. போன் வரவில்லை என்பதை வைத்து ஒரு வீட்டை எடை போடக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டவள் அவள். வண்டி விஷயத்தில் அதே தப்பைச் செய்துவிட்டு வந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து, ஊருக்கு வெளியே அம்பு கம்பெனியின் சொந்த சர்வீஸ் நிலையத்துக்குப் போனாள். அம்பு வண்டிக்கு அங்கே மட்டும்தான் பாகம் கிடைக்கும் என்பதே கேட்டில் நின்ற காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. பின்பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். "பாக்கறதுக்குக் காசா வாங்கறாங்க?" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

பின்பக்கம் நீளமான மைதானம். வரிசை வரிசையாக அம்பு வண்டிகள். சிலவற்றின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஒன்றின் உள்ளே குருவி கூடு கட்டியிருந்தது. ஒரு வண்டியின் நிழலில் பாய் விரித்து ஒருவர் படுத்திருந்தார். பர்னிச்சர் கடைக்கு லோடு அடிக்கிறவராம்.

"என்ன ரிப்பேருங்க?" என்று கேட்டாள்.

"பெரிசா ஒண்ணும் இல்ல. சின்ன ஒரு சென்சார். சுண்டு விரல் அளவு. கப்பல்ல வருதாம்."

"எப்ப வரும்?"

"கப்பல் எந்தக் கடல்ல இருக்குன்னு கேட்டேன். போன வச்சுட்டாங்க." எழுந்து உட்கார்ந்தார். "வண்டியக் குறை சொல்ல மாட்டேன்மா. ஓடுற வரைக்கும் ராஜா. படுத்தா எழுப்ப ஆள் இல்ல. வெளி மெக்கானிக் எவனும் தொட மாட்டான்."

"நீங்க ஏன் இங்கயே படுத்திருக்கீங்க?"

"வீட்டுக்குப் போனா வண்டி என்னாச்சுன்னு கேக்குறாங்க."

  பஸ்ஸுக்கு நடந்தாள். வழியெல்லாம் எண்ணம் வேறு திசையில் ஓடியது. நல்ல வண்டி ஒன்று எங்காவது இருக்கும், நிற்காத வண்டி. அதைத் தேட நாள் இல்லை. தேடினாலும் அது தன் கைக்கு வராது. தன் கைக்கு வரக்கூடியது எதுவானாலும் நிற்கத்தான் போகிறது. அப்படியானால் நின்ற பிறகு என்ன ஆகும் என்பது ஒன்றுதான் பாக்கி.

நேரே ஷெட்டுக்குப் போனாள்.

"கொம்பு மார்க்க எடுத்துக்கறேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அக்கா, நேத்துதானே அவ்வளவு சொன்னேன்?"

"வாரம் தவறாம வருதுன்னு சொன்ன. வந்தது எப்ப திரும்பிப் போகும்?"

"அன்னிக்கே போயிடும். என்ன பெரிய வேலை, பாகம் எல்லாம் முக்குக் கடையில தொங்குது. கண்ணக் கட்டிவிட்டாலும் மாட்டிடுவேன்."

"நடு ரோட்டுல நின்னா?"

"கூப்பிட்டா நான் வந்துடுவேன். என்னை விட்டா இன்னொருத்தன். இந்த ஊர்ல கொம்பு வண்டியத் திறக்கத் தெரியாத மெக்கானிக் கிடையாது."

"அது போதும் தம்பி. பின்தட்டுல ஒரு பொட்டு கிரீஸ் இருக்கக்கூடாது. சோப்புப் போட்டுத் தேச்சுக் குடு. சங்கிலி மாட்ட வளையம் வச்சுக் குடு."

"விடிஞ்சா வளையம் இருக்கும். ஆனா அக்கா, நான் வேண்டாம்னு சொன்னேன், ஞாபகம் வச்சுக்கங்க."

"சொன்ன. ஞாபகம் இருக்கு."

திங்கட்கிழமை ஆலை வாசலில் அந்த இரண்டு நிற வண்டியை சூப்பர்வைசர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறக்கச் சொன்னார்.

முதல் மூன்று வீடு வரை ஓடியது. நான்காவது வீட்டுக்குத் திரும்பும் முன், தண்ணீர்த் தொட்டி அருகே முன்பக்கம் இருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. நின்றுவிட்டது. அவள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். மெக்கானிக்குக்கும், வர நேரமாகும் என்று வீட்டுக்கும் போன் போட்டாள். பிறகு இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலியில் நின்ற சிலிண்டர்களை எண்ணக்கூடாது என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமையின் டயர் தடம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மெக்கானிக் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

மொபெட்டில் வந்தான். கழுத்தில் மாலை போல ஒரு ஹோஸ் தொங்கியது.

"சொன்னேனா இல்லையா?"

"அப்புறமா பேசு. மாட்டு."

கடைசி வீடு எப்போதும் அவள் வீடுதான். தன் வீட்டுக்கு முதலில் இறக்கினாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று லைன் எடுத்த நாளில் இருந்தே அப்படி வைத்திருந்தாள். பொழுது சாயும்போது சிலிண்டரைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். முள் சிவப்பின் அடியில் கிடந்தது. ஆனால் ஆக்சிஜன் ஓட்டம் பாதிக்கு மேல் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"யாரு இதத் திருகினது?"

நாத்தனார் முந்தானையைக் கசக்கினாள். "அண்ணன்தான். வண்டி நின்னுடுச்சாம்னு உங்க போன் வந்ததும் கையை நீட்டித் திருகிட்டாரு. நீங்க வர்ற வரைக்கும் இருக்கறது போதணுமாம். நான் தொட்டா அடிக்க வர்றாரு அண்ணி."

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஓட்டத்தைத் திறந்து, குழாயை அவர் மூக்கில் சரி செய்தாள். உதட்டின் நிறம் திரும்பும் வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அது மெதுவாகத்தான் திரும்பியது.

"எப்படி... ஓடுது?" என்றார்.

"நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"ஓடுச்சு."

அவர் கொஞ்சம் மூச்சைச் சேர்த்தார். "நாளைக்கு?"

"நாளைக்கும் நிக்கும். நான் வந்துடுவேன். இனிமே இதத் திருகுனீங்கன்னா கையக் கட்டிப் போட்டுடுவேன்."

தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, காலி சிலிண்டரைச் சுழற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வண்டிக்கு அடியில், மண்ணில், ஏதோ ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். தொடவில்லை. உள்ளே வந்து மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.