உட்காராத வீட்டுக்காரரின் வலக்கண்

எங்கள் ஊர் மருத்துவமனையில், கண் பிரிவின் வாசலில் ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். ‘இப்பிரிவை நிறுவியவர் நகரத் தலைவர் விலோட்டியே சோலோவிச்’ என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த ஆள் எதையும் நிறுவவில்லை. இருந்ததை மூடப் பார்த்தார். நிறுவியவர் டாக்டர் லெபோசாவா ரிஸ்டானோவிச். கல்லில் அவர் பெயருக்கு இடம் இல்லை. கல் வெட்டிய கடைக்காரரின் பெயருக்கு இடம் இருக்கிறது.

லெபோசாவா, வல்யேவோவில் குதிரைச் சேணம் தைத்தவரின் மகள். சூரிச்சில் மருத்துவம் படித்தார். பெரிய போரின்போது டைபஸ் கொட்டகைகளில் வேலை செய்து, தானும் காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பிறகு வியன்னாவில் கண் அறுவை கற்றுக்கொண்டு, மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். இதைவிட நல்ல ஊர்கள் நாட்டில் நிறைய இருந்தன. ஏன் இங்கே வந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கு முன் இந்த மாவட்டத்தில் யாரும் கண்புரையை அறுத்து எடுத்ததில்லை. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் டிரக்கோமா என்ற தொற்றுக் கண்நோயை வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இமைக்குள் மணல் போலப் பருக்கள் கிளம்பி, கடைசியில் பார்வையைக் கெடுத்துவிடும். ஊராரிடம் அதற்கு இருந்த மருந்து புனித பெட்கா ஊற்றின் தண்ணீர். அதில் முகம் கழுவி, வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே துண்டில் துடைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அத்தனை பேருக்கும் கண் சிவந்திருக்கும். அப்போது இன்னொரு குடம் தண்ணீர் எடுத்து வருவார்கள்.

லெபோசாவாவுக்கு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஒதுக்கியது விறகுக் கொட்டகை. அதை வெள்ளையடித்து, ஆறு கட்டில் போட்டு, காலைதோறும் இமைகளைப் புரட்டி மயில்துத்தம் தேய்த்தார். எரிச்சலில் கத்தியவர்கள் அவரைச் சூனியக்காரி என்றார்கள். பார்வை தெளிந்ததும் நேரே போய்ப் பெட்காவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

சோலோவிச் பன்றி வியாபாரத்தில் பெருத்தவர். இரண்டு கண்ணிலும் புரை. சோளம் அறுத்ததும் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பன்றிச் சந்தை முடியட்டும் என்று இழுத்தடித்துவிட்டு, தன் வீட்டுப் புனிதரான தேவதூதர் மிக்கேலின் திருநாள் அந்த வாரமே வரவிருந்த நிலையில் வந்து நின்றார். எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு; அவர் நாளில் வீட்டுக்காரன் நின்றுகொண்டே ஊருக்கு விருந்து வைப்பான்.

“திருநாள் முடியட்டும், தலைவரே. அறுத்தா ஒரு வாரத்துக்கு மேல மல்லாந்து கெடக்கணும். தலையைக்கூடத் திருப்பக் கூடாது,” என்றார் டாக்டர்.

“தள்ளிப்போட முடியாது, பொண்ணே. தேர்தல் வருது. குருட்டுத் தலைவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?”

“விருந்துக்கு யாரு நிப்பாங்க?”

“பையன் நிப்பான். தேவதூதர் மேல ஆணையா நான் படுத்தே கெடப்பேன்.”

அரசியல்வாதியின் ஆணையை நம்பியது ஒன்றுதான் டாக்டர் செய்த தவறு. வலக்கண்ணை அறுத்தார். அறுவை சுத்தமாக அமைந்தது.

திருநாள் காலையில் டாக்டர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகளின் இமைகளைப் பார்க்கப் போயிருந்தார். கோயில் மணி கேட்டதும் சோலோவிச் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அருகில் இருந்த மனைவி ஸ்டாமெங்கா கையைப் பிடித்தார்.

“ஒரு வருஷம்தானேங்க. பையனே நிக்கட்டும்.”

“நான் உசிரோட இருக்கறப்போ அவன் நிக்கறதா? சோலோவிச் செத்துட்டான்னு ஊரே பேசும். கோட்டை எடுடி.”

புனிதரின் நாளில் கடைசி விருந்தாளி வாசலைத் தாண்டும்வரை வீட்டுக்காரன் தன் வீட்டில் உட்காரக் கூடாது. சோலோவிச் உட்காரவில்லை. வந்தவரை எல்லாம் குனிந்து மும்முறை முத்தமிட்டார். ஒயின் ஜாடியைத் தூக்கித் தூக்கி ஊற்றினார். யார் வரவில்லை என்று பார்க்கக் கண்கட்டை நடுநடுவே விலக்கினார். நீதிபதி வந்தார், பாதிரியார் வந்தார், தலைமை மருத்துவரும் வந்தார். கட்டுப்போட்ட நோயாளி கையால் ஊற்றிய ஒயினைக் குடித்து, பன்றி வறுவலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார் அந்த மருத்துவர். பொழுது சாய்வதற்குள் காயம் பிளந்தது. கண் போயிற்று.

“பொம்பளை கத்தி என் கண்ணைக் குத்திடுச்சு,” என்றார் சோலோவிச். கண் பிரிவை மூடச் சொல்லி நகரசபை தீர்மானம் போட்டது. விசாரிக்கத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூடச் சொல்லி அவர் எழுதிவிட்டால் ஆறு கட்டிலும் வெளியே போகும், கொட்டகைக்கு விறகு திரும்பி வரும்.

சபைக் கூடத்தில் விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்து, தலைவர் படுக்கையை விட்டு நகரவே இல்லை என்று சொன்னார்கள். அவர் எழுந்து போனார் என்று மருத்துவமனை ஊழியர்கள் சொன்னதைச் சம்பளத்துக்காகச் சொல்வது என்று ஒதுக்கினார்கள். தலைமை மருத்துவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். பல விஷயங்களில் அது உண்மைதான்.

டாக்டர் லெபோசாவா எழுந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தலைவரே. இந்த வருஷம் உங்க வீட்டுத் திருநாளுக்கு யாரு நின்னது?”

சோலோவிச் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

“நீங்க படுக்கையில கெடந்தீங்கன்னு இத்தனை பெரிய மனுஷங்க சொல்றாங்க. அப்போ வீட்டைப் பையனுக்கு விட்டுக்குடுத்தாச்சு. இனிமே வீட்டுக்காரர் அவர்தானே?”

பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். “கெழவனை ஓரங்கட்டிட்டான்யா பையன்.”

சோலோவிச் தடியை ஊன்றி எழுந்தார். “எவன்டா அது? நான்தான்டா நின்னேன். காலையிலேர்ந்து கடைசி ஆள் போறவரைக்கும் நின்னேன். எங்கப்பன் கால் ஒடிஞ்சப்பவே நின்னான். நான் ஒரு கண்ணுக்காக உக்காருவேனா? இந்தா, இந்தப் பெரிய டாக்டரைக் கேளு. இவனுக்கு ஊத்தினதே நான்தான்.”

தலைமை மருத்துவர் தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை மூடினார். கட்டில்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

தேர்தலிலும் சோலோவிச்தான் வென்றார். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில், இடக்கண்ணுக்காக அதே கொட்டகைக்கு வந்தார். சொல்லிவைத்தாற்போல் எல்லா விருந்தும் ஓய்ந்திருந்த காலம். டாக்டர் ஒரு சொல்லும் சொல்லாமல் அறுத்தார். கண் தெரிந்தது. தனக்காக ஒரு கண்ணைப் பறிகொடுத்து நின்றவனுக்குத் தேவதூதர் மறு கண்ணைத் தந்தார் என்று சோலோவிச் போகிற இடமெல்லாம் சொன்னார். அந்த மகிழ்ச்சியில் பதித்ததுதான் வாசலில் இருக்கும் கல்.

டாக்டர் லெபோசாவா அதன்பின் சாகும்வரை எங்கள் ஊரிலேயே இருந்தார். வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டது, “உங்க வீட்டுப் புனிதர் யாரு?” என்பதுதான். திருநாள் நெருங்கியிருந்தால் கத்தியை எடுக்கவே மாட்டார். ஆணையிட்டாலும் அழுதாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவரைப் புதைத்த அன்று, சோலோவிச் வீட்டில் ஒயின் குடித்த அதே பாதிரியார் உரையாற்றினார். நோயைக் கேட்கும் முன் புனிதரைக் கேட்ட பக்தை என்று உருகினார். கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. டாக்டர் திறந்துவிட்ட கண்கள் அந்தக் கூட்டத்தில் நிறையவே இருந்தன.