ஒரே மஞ்சளில் இரண்டு மொழிகள்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியிலும் ஏற்கெனவே ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். உலகப் படம் விற்கிறவன் பிழைப்பு இவ்வளவுதான். எதையாவது சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சேலத்துக் கடை ஒன்றுக்காக இரண்டு படங்களைச் சுமந்தேன். நாடுகளின் படம் தானே விற்றுவிடும். மொழிகளின் படம்தான் நகராது. எந்த மொழி எங்கே பேசப்படுகிறதோ அங்கே ஒரு வண்ணம், அதன்மேல் மொழியின் பெயர். "இந்த மாசத்துக்குள்ள மொழிப் படம் ஒண்ணாவது போகணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஓமலூரில் சிவப்பு

நாடுகளின் படத்தில் பிரிட்டிஷ் ராஜ்யம் முழுக்கச் சிவப்பு. மொழிப் படத்தில் அப்படி இல்லை என்று தலைமையாசிரியரிடம் மெல்லச் சொன்னேன். எனக்குக் குரல் எழும்பாது. அவர் என்னைவிட மெல்லப் படத்தைச் சுருட்டிக் கொடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் வந்தா முதல்ல சிவப்பைத்தானுங்க தேடுவாரு. ராஜாங்கத்தையே காணோம்னா எனக்கு யாருங்க சம்பளம் குடுப்பா?"

குமாரபாளையத்தில் மஞ்சள்

அச்சகத்தில் இருந்தது ஏழே மை. அதனால் லித்துவேனிய மொழிக்கும் யொருபா மொழிக்கும் ஒரே மஞ்சள். பள்ளிக் கமிட்டியில் இருந்த நெசவுக்காரர் அதைத்தான் முதலில் பிடித்தார். "ரெண்டும் ஒரே தொட்டியில முக்குன சாயம். பங்காளிங்களா?"

இல்லைங்க, ஒன்று ஐரோப்பாவின் வடக்கே பனி உறையும் கடலோரம், மற்றது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இருக்காது என்றேன். அவர் நம்பவில்லை.

"பங்காளிங்கன்னாத்தான் தம்பி, இத்தனை தூரம் தள்ளி ஊடு கட்டிக்குவாங்க."

நாமக்கல் பக்கம், மாதத்தின் கடைசி நாள்

பள்ளிக்கு இடம் கொடுத்த கவுண்டர் இரண்டு படங்களையும் பெஞ்சுகளில் விரிக்கச் சொன்னார். "ஏனுங் தம்பி, இந்த மஞ்சக்காரங்க ரெண்டு பேருல யாருக்குக் காடு கரை பெருசு?"

"யொருபாவுக்குங்க."

"அப்ப நாட்டுப் படத்துல அவங்க பேருதான பெருசா இருக்கோணும்?"

தேடினார். லித்துவேனியா இருந்தது, 1918-இல் முடிந்த ஜெர்மன் சண்டைக்குப் பிறகு தனி நாடு. யொருபா இல்லை. பெரும்பகுதி இங்கிலீஷ்காரரிடம், மீதி பிரெஞ்சுக்காரரிடம், நடுவில் எல்லைக்கோடு என்று காட்டினேன். "வெளஞ்ச காட்டுக்கு நடுவால வரப்பு போட்டுட்டாங்களாக்கும்" என்றார்.

பிறகு அவர் விரல் நம் பக்கம் வந்தது. நாட்டுப் படத்தில் சென்னை ராஜதானி என்று மட்டும் இருந்தது. மொழிப் படத்தில், தெற்கே, கடல் தாண்டி இலங்கையின் தலைமாடு வரைக்கும் ஒரே வண்ணம்; மேலே "தமிழ்". அந்த வண்ணத்தின் ஓரத்தை விரலாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் வேலை அந்த விரல் நுனியில் இருந்தது. மொழிப் படத்தை அவரே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"அந்த யொருபாக்காரரு யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்குக் கூட்டியா, சாமி. நாட்டுப் படத்துல பேரில்லாதவங்க உக்காந்து பேசறதுக்கு நெறைய இருக்குது."

அவர் வரப்பில் இறங்கி நடந்தார். நாட்டுப் படத்திலேயே பேர் இருக்கிற லித்துவேனியாக்காரரிடம் இந்தப் படத்தை விற்றிருக்க முடியாது என்பதுதான் அந்த வேலையில் நான் கற்ற ஒரே வியாபாரம்.