துணி எங்கை?

தாடை மூட்டு உடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்வது என் தொழில். அன்று வந்தவர் தொண்டைமானாற்றுக் கடற்றொழிலாளி. வள்ளத்தில் வழுக்கி நாடி அடிபட விழுந்ததில் காதடி மூட்டு உடைந்திருந்தது.

காதுக்கு முன்னால் கீறினால் உடைவு நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணை மூடவைக்கும் நரம்பு அருகில் ஓடுகிறது. தாடைக்குப் பின்னால் கீறினால் தகடு பொருத்துவது சுலபம், உதடு கோணக்கூடும். இரண்டு நாளாகத் தத்தளித்தேன். பிறகு இரண்டு வழியையும் அவரிடம் சொன்னேன்.

"இல்லாட்டிச் சில கிழமைக்கு வாயைக் கட்டிவிடலாம், அண்ணை."

"அப்ப கட்டிவிடுங்கோ, டொக்டர்."

உடனே கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் நான் கம்பியை எடுத்தபோது, "துணி எங்கை?" என்று கேட்டார்.

"என்ன துணி?"

"எங்கடை சந்நிதி கோயிலிலை பூசகர் துணியாலை வாய் கட்டித்தானே பூசை செய்யிறவர்? அப்பிடித்தானே? சாப்பிடேக்கை அவிட்டுப்போட்டுத் திருப்பிக் கட்டுவன்."

மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் பூட்டப்போகிறேன் என்று நான் சொல்லவேயில்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தார் என்று கேட்கவுமில்லை. கேட்டால் கத்தி எடுக்க நேரும் என்ற பயம்.

கம்பியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"கடலிலை கூப்பிட்டுக் கதைக்காமல் என்னெண்டு தொழில் செய்யிறது? கீறுங்கோ."

தாடைக்குப் பின்னால் கீறினேன். உதடு சில கிழமை கோணி, பிறகு நேரானது.

இப்போதெல்லாம் 'கட்டு' என்று சொல்லுமுன் கம்பியை நோயாளியின் உள்ளங்கையில் வைக்கிறேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை. அவர் துணியைக் கேட்காமல் இருந்திருந்தால், வாயைப் பூட்டிவிட்டு, அந்தக் கையெழுத்தைக் காட்டி நான் நியாயம் பேசியிருப்பேன்.