அக்கம்மாள் காவல் இருந்த பட்டறை

அக்கம்மாள் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள் என்றால் செக்காலை ரோட்டுப் பட்டறையில் சுத்தியல் சத்தம் அடங்கிவிடும். டிங்கர் சோணை கையில் இருந்த மட்கார்டைத் தரையில் சாய்த்துவிட்டு எழுந்துகொள்வார்.

"அந்த ஓரத்தை அடிச்சு முடிச்சுட்டு வாங்க. சோறு எங்குட்டும் ஓடிப் போயிறாது," என்பாள் அவள்.

கருவாட்டுக் குழம்பின் வாசனை ஒரு பக்கம் இழுக்கும். சோணை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்து அந்த ஓரத்தை அடித்து முடிப்பார். அப்புறம்தான் இலை விழும்.

பழைய டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு அதன் மேல் ஒரு பலகை. அதுதான் அவள் ஆசனம். கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, பட்டறைக் கதவு திறக்கும்போதே வந்து உட்கார்ந்துவிடுவாள். எதிரே அவளுடைய அம்பாசிடர் மூக்கு நசுங்கி நிற்கும். அம்பாசிடர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது பிளசர். யாராவது அதன்மேல் சாய்ந்தபடி பீடியைப் பற்ற வைத்தால் போதும், "அங்குட்டுப் போயிக் குடிங்க. பிளசர் மேல கங்கு விழுந்தா நீங்களா பெயிண்ட் அடிச்சுத் தருவீக?" என்று கிளம்பிவிடுவாள். தினமும் வண்டியைத் துடைப்பாள். ஆனால் நசுங்காத பக்கத்தை மட்டும். அடிபட்ட பக்கத்துக்குப் போகவே மாட்டாள், பார்த்தால் வயிறு எரிகிறது என்பாள்.

எரியாதா பின்னே? அப்பா சீதனமாகக் கொடுத்த கிணற்றடி வயலை விற்று வாங்கிய வண்டி அது. புருஷன் வீரையா அதுவரை ஊரார் வண்டிகளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒன்று ஓட்ட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை, அதை வாய்விட்டுச் சொல்லத்தான் பயம். அவர் சொல்லாமலே புரிந்துகொண்டு வயலைப் பேசி முடித்தவள் அக்கம்மாள். கண்டரமாணிக்கத்தில் இருந்த அவள் அண்ணன் சேதுபதிக்கு அது பொறுக்கவில்லை. "அப்பா குடுத்த மண்ணை வித்துத் தகரம் வாங்கியிருக்கா எந்தங்கச்சி" என்று போன இடமெல்லாம் சொன்னார். வீட்டுப்படி மிதிப்பது நின்றது. நல்லது கெட்டதுக்கு எதிர்ப்பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கம்மாளும் திருப்பிக்கொண்டாள், ஆனால் திருப்பிக்கொண்ட முகத்தில் கண் கலங்கியிருக்கும் என்பது வீரையாவுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட அண்ணன் ஒருநாள் தானாகவே வீடு தேடி வந்தார். மகளுக்குக் கல்யாணம். திருப்பத்தூரில், மாப்பிள்ளை வீட்டில் வைத்துத் தாலி கட்டு. வெற்றிலை பாக்கை நீட்டிக்கொண்டே, "பொண்ணு ஒன் பிளசர்லதான் போகணும் ஆத்தா," என்றார். காபியைக் குடித்தார், போய்விட்டார். அக்கம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு போய், அன்று காலையில்தான் கழுவிய வண்டியை மறுபடியும் ஒருதரம் கழுவினாள்.

கண் பட்டதுபோல ஆகிவிட்டது. எதிரே வந்த வைக்கோல் வண்டிக்கு ஒதுங்கப்போய் வீரையா புளியமரத்தில் கொண்டு விட்டார். அவருக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அதோடு போயிற்று. வண்டிக்குத்தான் இடப்பக்கத்து மட்கார்டு, பானெட், ரேடியேட்டர், விளக்கு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சேதி தெரிந்து அண்ணனிடமிருந்து ஆள் வந்தது. சிரமப்பட வேண்டாமாம், திருப்பத்தூரில் வேறு வண்டி பேசிக்கொள்கிறார்களாம்.

"பேச வேணாம்னு சொல்லு. எங்க பிளசர் வரும்," என்று சொல்லி அனுப்பினாள் அக்கம்மாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வண்டி கிடந்தது செக்காலை ரோட்டில், சத்தியமூர்த்தியின் பட்டறையில். சத்தியமூர்த்தி தங்கமான மனுஷர். யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். "நாளைக்கு எடுத்துக்கலாம்ணே" என்பார். காரைக்குடியில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் அந்த நாளை பழக்கம். கதவில் ஒரு நெளிவை எடுக்க வண்டியை விட்ட வக்கீல் ஒருவர், வாடகைக் காரில் கோர்ட்டுக்குப் போய்வரவே பழகிப்போனார். வாத்தியார் ஒருவர் நல்ல பேட்டரியோடு ஓட்டி வந்த வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். காரணம் வேறொன்றுமில்லை. அவசரக்காரர் ஒருவர் வந்து நின்றால் சத்தியமூர்த்திக்கு மனசு இளகிவிடும். பக்கத்து வண்டியில் எது நன்றாக இருக்கிறதோ அதைக் கழற்றி மாட்டி அனுப்பிவிடுவார். பக்கத்து வண்டிக்காரர் சத்தம் போட்டால் அடுத்த வண்டியில் கைவைப்பார். திருட்டு என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, அவருக்கென்று அதில் ஒரு திருகாணிகூட மிஞ்சியதில்லை. ஆனால் அந்தப் பட்டறையில் எந்த வண்டியும் முழுசாக நின்றதும் இல்லை.

வீரையாவும் போய்ப் போய் நாளையை வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணம் நெருங்கிக்கொண்டே இருந்தது.

"ஒங்களுக்கென்ன, நாளைக்கின்னா நாளைக்கின்னு நம்பிட்டு வந்துர்றீக," என்றாள் அக்கம்மாள். "கதிரை அறுத்துக் களத்துல போட்டுட்டு, ஆளுகிட்ட சொல்லிட்டேன்னு வீட்டுல வந்து படுத்துக் கெடந்தா நெல்லு வந்து சேருமா? களத்துல நிக்கணும்ல?"

மறுநாள் காலை களத்துக்குப் புறப்படுகிற மாதிரியே புறப்பட்டாள். ஒரு கையில் தூக்குச்சட்டி. இன்னொரு கையில் சாணிப்பால் கரைத்த சின்னச் சொம்பு. விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். அளந்து முடிக்காத நெல் குவியல் களத்தில் கிடந்தால் அதன்மேல் சாணிப்பாலால் குறி போடுவார்கள். ஒரு படி அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். அக்கம்மாளும் இரண்டு விரலைத் தோய்த்துச் சக்கரம், பேட்டரி, பம்பர், ஸ்டெப்னி என்று கண்ணில் பட்ட ஒவ்வொரு சாமானிலும் இரட்டைக்கோடு இழுத்தாள். திருஷ்டி கழிக்கிறாள் என்று நினைத்த சத்தியமூர்த்தி பக்கத்தில் வந்து பக்தியோடு கைகூப்பி நின்றார். அவள் அவரை அப்படியே நிற்க விட்டாள். சொம்பைக் கழுவி வைத்துவிட்டு டயரில் போய் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்திருக்கும்வரை வேலை நடந்தது. எழுந்து ரோட்டுக்குழாய்க்குத் தண்ணீர் குடிக்கப் போனால்தான் ஆபத்து. ஒருநாள் மத்தியானம் அப்படித்தான். குழாயடியில் இருந்து திரும்பும்போது, ரைஸ்மில் முதலாளி ஒருவரின் கார் பட்டறையை விட்டு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. இவளுடையதைப் போலவே அம்பாசிடர். அக்கம்மாளின் கண் முன்சக்கரத்தில் போய் நின்றது. அதன் விளிம்பில் இரட்டைக்கோடு ஒன்று மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, ரோட்டைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது.

வாசலை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

"நிப்பாட்டுங்க! அது எங்க ஸ்டெப்னி!"

முதலாளி பின்சீட்டில் இருந்து தலையை நீட்டினார். "என்னம்மா இது, சக்கரத்துல ஒம் பேரா எழுதியிருக்கு?"

"பேரு எழுதலீங்க, குறி போட்டிருக்கு. எறங்கி வந்து பாருங்க."

அவர் கோபமாகத்தான் இறங்கினார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். களமும் நெல்லுமாக வளர்ந்த மனுஷருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. அக்கம்மாள் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய், தன் வண்டியில் குறி போட்ட சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஸ்டெப்னி இருந்த இடம் மட்டும் காலி. முதலாளி சத்தியமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

"நல்ல சக்கரமாப் பார்த்து மாட்டியிருக்கேன்னு சொன்னது இதானாய்யா?"

சத்தியமூர்த்தி தலையைச் சொறிந்தார். "திருஷ்டிக் கோடுன்னுல நெனச்சேன்..." என்றார்.

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சோணை சிரித்தார். கடைசியில் சத்தியமூர்த்தியே சிரித்துவிட்டார். சிரிக்காதவள் அக்கம்மாள் ஒருத்திதான். சக்கரம் கழன்று தன் வண்டிக்குள் போய்ச் சேரும்வரை அவள் வாசலை விட்டு நகரவில்லை. முதலாளியின் சொந்தச் சக்கரத்தை நெளிவெடுத்து மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்தது. அதுவரை அவர் அவளுடைய பலகையில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டார்.

விஷயம் திருப்பத்தூர் பஸ்ஸுக்கு முன்னால் ஊர் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் காலை வக்கீல் கொட்டாங்கச்சியில் சாணியோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டோடு. பின்னாலேயே வாத்தியார், வண்டியை மறுபடியும் தள்ளிக்கொண்டு.

"நீங்களே போட்டுக்கலாமேங்க," என்றாள் அக்கம்மாள்.

"வேணாம்மா. ஒங்க கையால போடுங்க. அப்பத்தான் இவங்களுக்குப் பயம் இருக்கும்," என்றார் வக்கீல்.

அன்று சாயங்காலத்துக்குள் பட்டறையில் குறி இல்லாத வண்டி கிடையாது. சத்தியமூர்த்திக்குக் கைவைக்க ஒரு திருகாணி இல்லை. அவர் முன்னால் இருந்தது ஒரே வழி, ஒவ்வொரு வண்டியாக வேலையை முடித்து அனுப்புவது. முடித்தார். வக்கீலின் கார் சொன்ன நாளில் வெளியே போனபோது ரோட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சத்தியமூர்த்தி பட்டறையைப்போல் வருமா என்று அதே ஊர் பேச ஆரம்பித்தது. அவர் அக்கம்மாளின் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க போயிட்டீகன்னா நான் பழையபடி ஆயிருவேன்."

"ஆக மாட்டீக தம்பி. கை நல்ல கை. வாய்தான் எல்லாருக்கும் நாளைக்கின்னுருது," என்றாள் அவள். அவளுக்கு அவர்மேல் கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது.

அவளுடைய வண்டி கல்யாணத்துக்கு முந்தின நாள் முடிந்தது. நசுங்கல்களைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, சோணை தன் மகள் கல்யாணம்போல் வேலை பார்த்திருந்தார். அக்கம்மாள் முதல்முறையாக இடப்பக்கம் வந்தாள். மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். புளியமரம் எங்கே இடித்தது என்று கைக்குத் தெரியவில்லை. பட்டறையில் எல்லோரும் பார்க்க அழுதாள். ஓவென்று அழுதாள், அழுகையினூடே சோணையையும் சத்தியமூர்த்தியையும் வாயார வாழ்த்தினாள்.

விடிந்ததும் கண்டரமாணிக்கத்துக்குப் புறப்பட்டார்கள். அவள் முன்சீட்டில், வீரையாவின் பக்கத்தில். தெரு திரும்பியதும் அண்ணன் வீட்டு வாசல் தெரிந்தது. பந்தல் தெரிந்தது. பந்தலுக்கு முன்னால் திருப்பத்தூர்க் கார் ஒன்று நின்றது, மூக்கில் பெரிய ரோஜா மாலையோடு.

வீரையாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அவுக நம்பல போலருக்கு. ஓரமா நிப்பாட்டிர்றேன், நீ எறங்கிக்க," என்றார்.

"எதுக்கு ஓரமா? நடுவாசல்ல நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். அக்கம்மாள் இறங்கவில்லை. புருஷனுக்குக் குறுக்கே கையை நீட்டி, ஸ்டியரிங் நடுவில் உள்ளங்கையை வைத்து ஹாரனை அழுத்தினாள். நாயனம் பாதியில் நின்றது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பெண்டுகள் வாசலுக்கு வந்தார்கள். கடைசியில் அண்ணன் சேதுபதி பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். இடப்பக்கம் வந்து குனிந்து பார்த்தார். ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. அவர் நேராகத் திருப்பத்தூர்க் காரிடம் போய் ரோஜா மாலையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் அக்கம்மாள் கையை எடுத்தாள்.