ரவுட்டரிடம் சாட்சி கேட்ட மூன்று நாள்

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் பத்துப் பதினைந்து பட்டறைகளுக்கு கம்ப்யூட்டர், இன்டர்நெட், கேமரா என்று எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். நெட் ஓடுகிறவரை என்னை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுவிட்டால் மட்டும் என் போன் ஓயாது. இந்த லட்சணத்தில் எனக்குத் தொழில் கர்வம் வேறு. ரவுட்டரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு எப்படிச் செருப்படி விழுந்தது என்பதைச் சொல்கிறேன்.

பாட்டில் மூடி செய்கிற பட்டறை அது. முதலாளிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. வருஷத்தில் பத்து மாதம் பிரான்சில் இருப்பார். இங்கே அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மேனேஜர். மேனேஜர் என்றால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுழல்வது. முதலாளிக்கு மச்சான் மேல் நம்பிக்கை கிடையாது. தொழிலாளிகள் மேலும் கிடையாது. மனிதர் நம்பியது மெஷினை மட்டும்தான். அதனால் ஓர் உத்தரவு போட்டிருந்தார்: ஆபீசில் கால் வைத்ததும் எல்லாருடைய போனும் ஆபீஸ் வைஃபையில் சேர வேண்டும். ஜனங்கள் இலவச நெட் என்று சந்தோஷப்பட்டார்கள். எந்த போன் எத்தனை மணிக்குச் சேர்ந்தது, எத்தனை மணிக்கு விலகியது என்று ரவுட்டர் ஒரு பதிவு எழுதும், அதுதான் விஷயம். ரவுட்டரின் முதுகில் செருகிய பென்டிரைவில் அது சேரும். ஊரில் நாலு பேர் காலையில் காப்பியோடு பேப்பர் படிப்பார்கள்; இவர் பிரான்சில் உட்கார்ந்து தன் ஆட்களின் போன் வந்துபோன நேரத்தைப் படிப்பார். இந்த ஒட்டுக்கேட்கிற வேலையை அமைத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான். அமைத்த அன்றைக்கு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் புதுப்பித்தேன். ஃபர்ம்வேர் என்பது வேறொன்றுமில்லை, ரவுட்டரை உள்ளிருந்து ஓட்டுகிற மென்பொருள்தான். கம்பெனிக்காரன் புதுசு அனுப்பினால் போட்டுக்கொள்ள வேண்டும். கூடவே என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பான். அதைப் படிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். அன்றைக்கு நான் படிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, நெட் வந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டை வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டார். சனிக்கிழமை ஏற்றிவிட்ட லோடில் அளவு மாறிப்போய், வாங்கியவர்கள் லாரியைத் திருப்பிவிட்டார்களாம். லோடைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது மேனேஜரின் வேலை. அவரோ பழியை டெஸ்பாட்ச் கிளார்க் மேல் போட்டுவிட்டார். நாற்பது வயதுப் பெண்மணி, பன்னிரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். "பாத்துக்கம்மான்னு சொல்லிட்டுத்தான் போனேன். அது நாலு மணிக்கே கிளம்பிப் போயிருக்குது" என்று மேனேஜர் முதலாளியிடம் போனில் ஒப்பித்திருக்கிறார். அந்தம்மாள் ஆறரை வரை இருந்தேன் என்றார். தன்னிடம் யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை என்றும் சொன்னார். முதலாளி தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை பதிவை எடுங்கள். நாலு மணிக்கு மேல் அந்தம்மாள் போன் அதில் இருந்தால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

பட்டறையில் அன்றைக்குப் பன்னிரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் கூப்பிட்டு, அந்தம்மா இருந்தாங்களா என்று கேட்க முதலாளிக்குத் தோன்றவில்லை. மேனேஜருக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. அந்த ஆளுக்குப் பசியைத் தவிர வேறெதுவும் தோன்றிப் பார்த்ததில்லை.

ரவுட்டர் இருந்தது ஆபீஸ் அறையின் மூலையில், அந்தம்மாளின் மேஜைக்கு நேர் எதிரே. லேப்டாப்பைத் திறந்து பதிவைப் பார்த்தேன். நாற்பது நிமிஷத்துப் பதிவுதான் இருந்தது. அதிலும் முக்கால்வாசி, வாசல் கேமரா தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நொடிக்கொரு தரம் கதவைத் தட்டிய புகார். வெள்ளிக்கிழமையிலிருந்தே சேர முடியாததால் கேமராவிலும் படம் எதுவும் பதிவாகவில்லை. பென்டிரைவ் என்ற பேச்சையே ரவுட்டர் எடுக்கவில்லை. பென்டிரைவைக் கழற்றி மாட்டினேன். வேறு துளையில் செருகினேன். என் பையிலிருந்த புதுசு ஒன்றைப் போட்டேன், அது பிடித்தது. பழசை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். "சார், ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள். நான் பதிவு காணாமல் போன கதையைச் சொன்னேன். "அப்ப ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க சார், எல்லாம் போய்டும், சரியாயிடும்" என்றாள். எல்லாம் போவதுதான் அம்மா என் பிரச்சினையே என்றேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கடைசியில், வெள்ளிக்கிழமை படித்திருக்க வேண்டிய அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன். ஐந்தாவது வரியிலேயே இருந்தது. பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைப் புது ஃபர்ம்வேர் ஏற்காது. பென்டிரைவ் இல்லையென்றால் பதிவை ரவுட்டர் தன் சொந்த நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த இடம் சின்னது, நிரம்பினால் பழசை அழித்துவிடும். கரண்ட் போனால் மொத்தமும் போய்விடும்.

கரண்ட் போனதா என்று கேட்க எலெக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். மூடிப்போன பஞ்சாலையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்த பெரியவர். "போவுல சார், நான்தான் நிறுத்துவேன்" என்றார். ஷிப்ட் முடிந்து கடைசி ஆள் வெளியே வந்ததும் மெயின் கைப்பிடியை இறக்கிவிட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவது மில்லில் வழக்கமாம். இங்கேயும் தினம் அதையே செய்கிறார். "பஞ்சு இருக்கற எடத்துல ஒயர் உசுரோட இருக்கக் கூடாது சார்" என்றார். இங்கே பஞ்சு ஏது என்று நான் கேட்கவில்லை. பென்டிரைவ் இருந்தவரை அவர் கைப்பிடியால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அவர் இத்தனை வருஷமாகச் செய்வதைச் செய்தார். வெள்ளிக்கிழமை எதையோ புதுசாகச் செய்தவன் நான்தான்.

திரும்பி வந்து ரவுட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெண்மணியின் சனிக்கிழமையை அழித்தது நான். எதிரே அவர் சலான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் என் தோள் மேல் சாய்ந்து பதிவை வாசித்தார். மெயினை ஏற்றியதும் ரவுட்டருக்கு நேரம் தெரியாது. நெட் வந்து நேரம் கேட்டுக்கொள்ளும் வரை தனக்குத் தெரிந்த பழைய தேதியைப் போட்டுக்கொள்ளும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒன்று என்று சில வரிகள் இருந்தன. அதில் அந்தம்மாள் போனும் இருந்தது. மேனேஜர் கண்களைச் சுருக்கினார். "ஜனவரி ஒண்ணு லீவாச்சே. அன்னிக்கு எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டார். வருஷத்தைப் பாருங்க சார் என்றேன். பார்த்தார். அப்போதும் அவர் சந்தேகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. இந்த மூளை ஒரு பட்டறையை நடத்துகிறது, இதன் வார்த்தைக்கு எதிராக ஒரு பெண்மணி சாட்சி தேட வேண்டியிருக்கிறது என்று மனசுக்குள் கறுவினேன்.

பழைய பென்டிரைவை என் லேப்டாப்பில் செருகினால் அழகாகத் திறந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஒரு வரி குறையாமல் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தம்மாள் ஆறுக்கு மேல்தான் விலகியிருக்கிறார். மேனேஜரின் போன் ஒரு சனிக்கிழமை கூட மூணு மணியைத் தாண்டியதில்லை. முதலாளியைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன்.

"பழசு எதுக்கு தம்பி? அந்த சனிக்கிழமை எங்கே?" என்றார்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம். சார், வெள்ளிக்கிழமை நான் செய்த தப்பால் அது அழிந்துபோய்விட்டது. நான் சொன்னது, "கொஞ்சம் டெக்னிக்கல் இஷ்யூ இருக்குது சார், பாத்துக்கினு இருக்கேன்." என் தொழிலில் இருக்கிறவர்கள் மாட்டிக்கொண்டால் சொல்லும் வார்த்தை இது. கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது, சொல்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. மேனேஜரை மனசுக்குள் அவ்வளவு கேவலமாகப் பேசியவன், பழியைத் தள்ளிவிடுவதில் அவருக்குக் குறைந்தவன் இல்லை என்று காட்டிவிட்டேன். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாருங்க. கெடைக்கலன்னா அந்தம்மா கணக்கை முடிச்சிடச் சொல்றேன்" என்று முதலாளி போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் மறுபடியும் போய் உட்கார்ந்தேன். அழிந்ததை மீட்கிற வித்தை ஏதாவது இருக்கிறதா என்று இணையத்தில் துழாவினேன். இருக்காது என்று தெரியும். உட்கார்ந்திருந்தால் உழைக்கிற மாதிரி தெரியும் என்பதற்காக உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி டீ வந்தது. அந்தம்மாள் ஒரு கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, முதல்முறையாக என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்.

"சார், சனிக்கெழம நீங்க போன் பண்ணீங்களே."

எனக்குப் புரியவில்லை. யாருக்கு என்றேன்.

"ஆபீசுக்குத்தான். அஞ்சரை இருக்கும். நேத்து சாப்ட்வேர் போட்டேன், நெட் நல்லா வருதான்னு கேட்டீங்க. நான்தானே எடுத்தேன்? பச்ச லைட்டு எரியுதான்னு கேட்டீங்க. எழுந்து போயிப் பாத்துட்டு வந்து எரியுதுன்னு சொன்னேன்."

என் போனை எடுத்து அழைப்புப் பட்டியலைத் தள்ளிப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை ஐந்து முப்பத்திரண்டு. இந்த ஆபீசின் லேண்ட்லைன் நம்பர். இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறேன். புதுப்பித்த மறுநாள் எல்லாப் பட்டறைக்கும் வரிசையாகப் போன் போடுவது என் வழக்கம். எடுக்கிறவர் குரல் எனக்கு மனிதக் குரலாகவே பதிவதில்லை, பச்சை விளக்கு எரிகிறது என்கிற செய்திதான் பதிகிறது. இவரோடு பேசியது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை.

"ஏங்க இதை முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"மேனேஜர்கிட்ட சொன்னேன். பதிவு வரட்டும்ன்னாரு. நீங்க வந்தீங்க, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். "மூணு நாளா நான் எதிருலயே ஒக்காந்திருக்கேன் சார். நீங்க அந்தப் பொட்டியத்தான் கேட்டுக்கினு இருந்தீங்க. நீ இருந்தியான்னு என்னை ஒரு வார்த்த கேக்கலியே."

அதில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவமானத்தில் காது சுட்டது. அங்கேயே, அவர் எதிரிலேயே, முதலாளியைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை என்ன செய்தேன், எதைப் படிக்காமல் விட்டேன், பதிவு எப்படிப் போனது எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை ஐந்தரைக்கு இந்தம்மாவோடு நானே இதே ஆபீஸ் போனில் பேசினேன், என் போனில் நேரம் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வார்த்தை போதவில்லை, படம் வந்த பிறகுதான் நம்பினார். "சரி, இருக்கச் சொல்லுங்க" என்றார், ஏதோ தானம் பண்ணுகிற தோரணையில். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைப் பற்றி இரண்டு வார்த்தை இருந்தது. அவை எனக்குப் பொருத்தமானவைதான்.

அந்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், டீ ஆறுது" என்றார். அன்றைக்கே பென்டிரைவைப் புது முறையில் ஃபார்மேட் செய்து போட்டேன், கேமராவின் தொல்லையை நிறுத்தினேன், மெயினை இறக்கி ஏற்றிச் சோதித்தேன். இப்போது எல்லாம் ஒழுங்காகப் பதிவாகிறது.

ஒரு மாதம் கழித்துப் பிரான்சிலிருந்து முதலாளி கூப்பிட்டார். பதிவில் எல்லார் போனும் இருக்கிறது, டெஸ்பாட்ச் அம்மாள் போன் மட்டும் ஒரு நாள் கூட இல்லையே, மறுபடியும் ஏதாவது கெடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். அந்தப் புதன்கிழமை மத்தியானம் என் கண் முன்னாலேயே அந்தம்மாள் தன் போனில் வைஃபையை நிறுத்திவிட்டார்; பிறகு திறக்கவே இல்லை.

"ரவுட்டர் நல்லாத்தான் இருக்குது சார்" என்றேன். "அவங்க இருக்காங்களான்னு தெரியணும்னா ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணுங்க. எடுப்பாங்க. அவங்களையே கேளுங்க."