கறுத்த வரி, சிவந்த வரி, வெளுத்த வரி

தொப்புள்கொடியை அறுத்துக் கட்டியதும் பிரசவ நர்சின் வேலை முடிந்துவிட்டது என்று ஊரில் நினைக்கிறார்கள். பிள்ளை பெற்றவள் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு முதல்முறையாகத் தன் வயிற்றைக் குனிந்து பார்க்கிறாளே, எங்களுக்கு அடுத்த வேலை அங்கேதான் ஆரம்பம்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு வயிற்றிலோ தொடையிலோ தோல் விரிந்து விழுந்த அந்த வரிகள் இருக்கும். எனக்கும் இருக்கின்றன. ஆண்கள் சிரிக்க வேண்டாம். சட்டையைக் கழற்றி முதுகைக் கண்ணாடியில் பாருங்கள். ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு பிரசவ விடுதியில் நர்சாக இருந்தேன். டாக்டர் கமலவேணி அம்மாள், நான், அஞ்சலை ஆயா, மூன்று பேரும் அவ்வப்போது கடற்கரை ஊர்களுக்கும் போய் வருவோம். பஸ், மாட்டுவண்டி, கால்வாயைத் தாண்ட ஓடம் என்று பிரயாணம். போகிற இடமெல்லாம் பெண்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த வரி ஏன் வந்தது, எப்போது போகும்? டாக்டரம்மாவும் சளைக்காமல் சொல்வார்: "தோல் வேகமா இழுபட்டா உள்ளே நார் விட்டுப்போகும். சிவந்த உடம்புல அது முதல்ல சிவப்பா, ஊதாவாத் தெரியும். கறுத்த உடம்புல இன்னும் கறுப்பாத் தெரியும். நாளானா எல்லாருக்கும் வெளுக்கும். வெளுத்த வரி சிவந்த உடம்புல கண்ணுக்குப் படாது, கறுத்த உடம்புல பளிச்சுன்னு படும். வரி எல்லாம் ஒரே வரிதான்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அஞ்சலை ஆயா ஒருநாள் சொன்னாள்: "வெள்ளைக்காரன் போனான், ஜமீனும் போச்சு, இந்த வரி மட்டும் போவ மாட்டேங்குதே சிஸ்டர்!"

சிவப்புத் தைலம்

மகாபலிபுரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒருவர் துணி விரித்து, பாட்டில் பாட்டிலாகச் சிவப்புத் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். தடவினால் வயிற்று வரி மாயமாக மறைந்துவிடும் என்று கூவினார். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்ததைப் பார்த்த டாக்டரம்மா நேராக அவர் எதிரில் போய் நின்று, "இதில் என்ன இருக்கு?" என்று கேட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. வியாபாரி எழுந்து நின்றார். முகம் மாறிவிட்டது. "பொழப்புல மண்ணப் போடாத தாயி, என் சம்சாரத்துக்கே போட்டுக் கொணமாயிருக்கு" என்று கையை ஓங்கிப் பேசினார். டாக்டரம்மா ஒரு அடி கூடப் பின்வாங்கவில்லை. "அவங்களையே கூப்பிடுங்க, கேப்போம்" என்றார். அந்தம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "போயிருந்தா நாங்களே வெச்சுப்போமே, இன்னாத்துக்கு விக்கிறோம்?"

சேங்கொட்டை

கோவளத்தில் அம்மை குத்தப் போயிருந்தோம். குப்பத்திலிருந்து ஒரு மீனவர் தலைதெறிக்க ஓடி வந்தார். "சிஸ்டர், என் பொஞ்சாதி வயிறு வெந்து கெடக்குது, வா, வா!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் மனைவி மரியபுஷ்பம் எங்கள் விடுதியில்தான் தலைப்பிரசவம் ஆனவள். நல்ல கறுத்த, மினுமினுப்பான உடம்பு. வீட்டுக்குப் போகும்போது வயிற்றில் கரிக்கோடு இழுத்ததுபோல வரிகள் இருந்தன. அவற்றை நாத்தனார் கேலி செய்ததாகச் சொல்லி அப்போதே அழுதாள். தேங்காயெண்ணெய் தடவு, அரிப்பு அடங்கும், நாளானால் நிறமும் இறங்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவளுக்கு அது போதவில்லை. அதே நாத்தனார் சேங்கொட்டையைச் சுட்டு, அதன் எண்ணெயை வரி வரியாகத் தடவிவிட்டிருக்கிறாள். வண்ணார் துணியில் குறி போடுகிற கொட்டை அது. தோலில் பட்டால் நெருப்பு.

போய்ப் பார்த்தால் வாழையிலையில் படுத்திருந்தாள். வயிறு முழுக்கக் கொப்புளம். சில உடைந்து நீர் வடிந்தது. முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது. பக்கத்தில் கிடந்த குழந்தையின் கன்னத்திலும் ஒரு சிவந்த தடிப்பு! அம்மாவின் வயிற்றில் முகம் பட்டிருக்கிறது. முதலில் குழந்தையைத் தூக்கிச் சோப்புப் போட்டுத் துடைத்தோம். அப்புறம் அவளை. துணி பட்டபோதெல்லாம் அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. மாட்டுவண்டியில் கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அவளுக்கு நினைவு தப்புவதும் வருவதுமாக இருந்தது. "மூத்திரம் போனாளா, எந்த நிறத்தில் போனாள்?" என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தார். விஷம் சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டால் பிழைக்க மாட்டாள் என்று என் காதோடு சொன்னார். புருஷன் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிழைத்தாள். காய்ச்சல் விட்டது, புண் ஆறியது, மறுபடி பால் கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற நாளில் கட்டைப் பிரித்ததும் தன் வயிற்றைத் தானே வெகுநேரம் பார்த்தாள். வெந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. நடுவில் பழைய கோடுகள். நான் தேற்ற வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "வரி போவும்னு போட்டேன் சிஸ்டர். வரி அப்டியே கீது, தோலுதான் போச்சு."

கல்யாணத்துக்கு முன்னால்

செங்கல்பட்டில் கோயில் உத்தியோகத்தில் இருந்த ஒருவர் தம் மகள் வைதேகியை விடுதிக்கு அழைத்து வந்தார். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கூடவே மாப்பிள்ளையின் அத்தை. பண்டிகைக்கு வந்த இடத்தில் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அந்த அம்மாள் இடுப்பில் சிவந்த வரிகளைப் பார்த்துவிட்டாள். "பிள்ளை பெத்தவளுக்குத்தானே இது வரும்?" என்று அவள் கேட்ட கேள்வி இரண்டு வீட்டையும் பற்றி எரியவிட்டிருந்தது. பெண்ணின் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், உள்ளே வரவில்லை. அப்பா கையைக் கூப்பினார். "நீங்க பாத்து ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுங்கோ டாக்டர், அது போதும்" என்றார்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் வைதேகியின் வரிகளை மட்டும் பார்த்தார். டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாகி எழுந்தவள், அப்புறம் மளமளவென்று உயரமும் சதையும் போட்டிருக்கிறாள். "இந்த வயசுல சட்டுனு வளர்ந்தா இடுப்புல, தொடையில வரும். சிவந்த பொண்ணு, அதனால சிவப்பாத் தெரியுது. கொஞ்ச வருஷத்துல வெளுத்துடும்" என்றார். அத்தை விடவில்லை: "அடிவயத்துலயும் இருக்கே?" டாக்டரம்மா, "என் தம்பிக்கு முதுகுல இருக்கு. அவன் இன்னும் பிரசவிக்கலை" என்றார். அத்தை குரலைத் தாழ்த்தி, "அப்போ முழுசாப் பாத்துச் சொல்லிடுங்கோளேன்" என்றாள். "அந்தப் பொண்ணு கேட்டா பார்ப்பேன். நீங்க கேட்டா மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

அப்பா மகளைப் பார்த்தார். ஒப்புக்கொள் அம்மா, இந்த ஒரு தடவை என்று கெஞ்சுகிற பார்வை. ஒப்புக்கொண்டுவிடுவாள் என்றே நினைத்தேன். வைதேகி ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு திரையிலிருந்து வெளியே வந்தாள். அந்தக் கல்யாணம் அந்த அறையிலேயே நின்றுபோனது. பிற்பாடு வேறிடத்தில் கல்யாணமாகி எங்களிடமே பிரசவத்துக்கு வந்தாள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அவள் அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டது இதுதான்: "இன்னிக்கு இடுப்பு, நாளைக்கு எதுப்பா?"

வலைக் கொட்டகை

புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குக் குழந்தையை எடை போடப் போனோம். அந்த வீட்டு மாமியார்க் கிழவி முனியம்மா மடியில் வைத்துப் பசும்பாலில் துணியை நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்த குழந்தை வாடிக் கிடந்தது; அழுகைகூட முனகலாகத்தான் வந்தது. "அம்மா எங்கே?" என்றேன். "பின்னால கீறா. நீ போவாத நர்சம்மா, ஒட்டிக்கும்" என்றாள். வீட்டுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கிற கொட்டகையில் தனபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தனிப் பானை, தனித் தட்டு. பால் கட்டி ஜாக்கெட் நனைந்திருந்தது. தொடையிலும் இடுப்பிலும் அவள் கறுத்த தோலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள். குஷ்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். வந்ததும் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

டாக்டரம்மா முனியம்மாவையும் கொட்டகைக்கு வரவழைத்தார். "அந்த வியாதி பட்ட இடத்துல தொட்டாத் தெரியாது. நீயே கிட்ட நின்னு பாரு" என்றார். தனபாக்கியத்தைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். "இங்க" என்றாள். "இங்க." "இங்க." அடுத்த வரியில் தொட்டபோது பதில் வரவில்லை. மறுபடி தொட்டார். பதில் இல்லை. முனியம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். "தனபாக்கியம், தெரியலையா?" என்று நான் கத்தினேன். அவள் கண்ணைத் திறந்து, "கொயந்த அழுவுது, அத்தக் கேட்டுகினு இருந்தேன்" என்றாள். அதே இடத்தில் மறுபடி தொட்டதும், "இங்கதான்" என்றாள். ஊசி முனையால் குத்தியபோது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எங்கேயும் தடிப்பு இல்லை, மரத்துப்போன இடம் இல்லை.

"அந்த வியாதியாவே இருந்தாலும் இப்ப மாத்திரை வந்தாச்சு. கொட்டாயில தள்ளறது வைத்தியம் இல்ல. இது மாசமா இருந்தப்ப தோல் விரிஞ்ச வரி, இப்ப வெளுத்திருக்கு. ஏன், உங்களுக்கு இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார். முனியம்மா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, புடவையைத் தளர்த்திக் குனிந்து பார்த்துக்கொண்டாள். திரும்பியபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்க் குழந்தையைக் கொண்டுவந்து மருமகள் மடியில் வைத்தாள். அது தேடிப் பிடித்து இழுத்துக் குடித்தது. கிழவி அந்தத் தனித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "எனுக்குந்தான் இப்டி கீது. நான் யாரு வூட்டுக் கொட்டாயில போயி உக்காருறது?"

எஸ்தர் டீச்சர்

எல்லா வரியும் சும்மா வரி இல்லை என்று எனக்குக் காட்டியவர் கடப்பாக்கத்து எஸ்தர் டீச்சர். அவர் குடும்பத்தில் கூலி வேலைக்குப் போகாமல் படித்து உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள். புருஷன் இறந்து பல வருஷம். திடீரென்று வயிறு பெருத்தது, முகம் உருண்டது. கிணற்றடியில் யாரோ வயிற்று வரியைப் பார்த்துவிட, ஊர் வாய்க்கு அது போதும். தானாகவே வேலையை விட்டுவிடும்படி பள்ளிக்கூட மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் முகாம் போட்ட இடத்துக்கு, எல்லாரும் போன பிறகு வந்தார். "நான் தப்பு பண்ணல டாக்டர். ஆனா எனக்கு என்னமோ ஆவுது" என்றார்.

வரிகளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் இறுகியது. விரல் அகலத்துக்கு, மை கொட்டினது மாதிரி கறுத்த ஊதா. வயிற்றில் மட்டுமில்லை, அக்குளில், மார்பில் எல்லாம். கையும் காலும் குச்சியாக இளைத்திருந்தன. உட்கார்ந்த ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. இடித்துக்கொள்ளாமலே அங்கங்கே ரத்தம் கட்டியிருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தபோது டாக்டரம்மா கருவியை ஒருமுறை தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். "இது பிள்ளை இல்ல டீச்சர். உள்ள ஏதோ சுரப்பி கெட்டிருக்கு. வீட்டுக்குப் போக வேண்டாம், அப்படியே எங்களோட வாங்க" என்றார். மாற்றுப் புடவைகூட இல்லாமல் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அறுவைக்குச் சம்மதிக்க உறவு என்று யாரும் வரவில்லை; டீச்சரே கையெழுத்துப் போட்டார். பிழைப்பாரா என்று சர்ஜன் எங்களிடம் உறுதி சொல்லவில்லை.

மாதக்கணக்கில் படுத்திருந்து, மெல்ல மெல்லத் தேறி, டீச்சர் அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். அடுத்த முகாமுக்கு நாங்கள் போனபோது பார்க்க வந்தார். முகம் பழையபடி ஒடுங்கியிருந்தது. வரிகள் சாம்பல் பூத்து வெளுத்துக்கொண்டிருந்தன. ஊரில் இப்போது எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டேன். சொன்னார்: "கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்துச்சாம் சிஸ்டர். பேரு வெக்கத்தான் ஒருத்தரும் வரல."

வரியை அழிக்கிற மருந்து நான் வேலையை விட்டு வரும்வரை எங்கள் அலமாரிக்கு வந்து சேரவில்லை. ஆனால் அடுத்தவர் வரியைப் பார்த்துப் பேசுகிற வாயை அடக்க ஒரு மருந்து வருமானால், முதல் பாட்டிலைச் செங்கல்பட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.