வார்த்தை வரும்வரை நின்றவர்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஞானதாஸ் பாஸ்டர் இறந்துவிட்டார் என்று போன் வந்ததும் நான் சிரித்துவிட்டேன். ஊரையே கிண்டல் செய்கிறவன் நான். இன்றைக்கு என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கும் செல்விதான் பேசினாள். "சிரிக்காதீங்கண்ணே. காலைல ஜெபத்துக்கு முழங்கால் போட்டவரு எந்திரிக்கவே இல்ல" என்று அவள் அழுத பிறகே வாயை மூடினேன்.

வேலம்பாளையத்தில் தகரக்கூரை போட்ட நம் ஜெபவீட்டுக்கு வந்த உங்களுக்கு அவர் வழக்கம் தெரியும். குறிப்புக் காகிதம் கிடையாது. பைபிளைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். மேலிருந்து வார்த்தை வந்தால்தான் பேச்சு. சில ஞாயிறுகளில் வரவே வராது. "இன்னைக்குக் கர்த்தர் ஒண்ணும் கொடுக்கல. என் துணியில அவரு லேபிளத் தைக்க மாட்டேன். பாட்டுப் பாடிட்டுப் போங்க" என்பார்.

"ஏனுங்க பாஸ்டர், டவர் கெடைக்கலீங்களா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

"டவரு அங்க ஃபுல்லா இருக்கு வே. என் செட்டுதான் பழசு."

கம்பெனிகள் ஷிப்டைக் குறைத்த வருஷம், டெய்லராக இருந்த செல்வியின் புருஷன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். உடலை வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். "பாஸ்டர், அவுகளக் கர்த்தர் சேத்துக்கிட்டாரா? சொல்லுங்க."

"இப்படிப் போனவனுக்கு நரகந்தான். அதச் சொல்லும்" என்றான் செத்தவனின் அண்ணன்.

பாஸ்டர் கண்ணை மூடினார். 'ஆமாம், சேர்த்துக்கொண்டார்' என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரம். வெகுநேரம் கழித்து, "எனக்குச் சொல்லலம்மா" என்றார். அண்ணன்காரனைப் பார்த்து, "உமக்கு யாரு சொன்னா?" என்றார்.

அடக்கம் முடிந்து நான் சண்டைக்கே போனேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ள தூங்கியிருக்குமுங்களே?"

"நான் இட்டுக்கட்டிச் சொல்லிட்டா, நாளைக்கு அவரே சொல்லும்போது எத வே நம்புவா? கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கேட்டுக்கொண்டேதான் இருந்தார். வாராவாரம் செல்வி வீட்டு வாசலில் போய் நின்று, "இன்னும் சொல்லலம்மா" என்று சொல்லிவிட்டு வருவார். முதலில் அவள் கதவைச் சாத்தினாள். பிறகு சாத்தவில்லை. பிறகு டீ போட்டு வைத்தாள். பதில் இல்லாமலே இருவரும் குடித்தார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருப்பது. எனக்கு அது லேசான காரியம் இல்லை.

அவர் குழியில் மண் போட்டு முடிந்ததும் செல்வி, "இப்ப அவருக்காவது தெரிஞ்சிருக்கும்லாண்ணே?" என்றாள். தெரியவில்லை என்றேன். "அப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள். கண்ணை மூடி நின்றேன். ஒன்றும் வரவில்லை. திறந்தபோது அவள் மட்டும் நின்றிருந்தாள். எங்களை ஏற்றி வந்த வேன் போய்விட்டது. பெருமாநல்லூர் ரோட்டில் பஸ்ஸும் நிற்கவில்லை. நடந்தோம்.